யார் யாரிடம் சொன்னது

2019 மே மாதக் கடைசியில் தமிழ் இளைஞர்கள் ட்விட்டரில் ஒரு மனிதருக்காகப் பிரார்த்தனை செய்தார்கள். தலையில் சுத்தியல் விழுந்துவிட்டது, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார், இன்னும் நினைவு திரும்பவில்லை என்று செய்தி மேல் செய்தியாக வந்துகொண்டிருந்தது. அவர் பெயர் நேசமணி, பெயின்டிங் காண்ட்ராக்டர். 2001இல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற வேடம் அது. கட்டடப் பொறியியல் தொடர்பான ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு, காண்ட்ராக்டர் நேசமணியின் தலையை உடைத்தது இதுதான் என்றும் எழுதிவைத்தார். இப்போது எப்படி இருக்கிறார் என்று இன்னொருவர் முகம் மாறாமல் விசாரித்தார். அதுதான் தொடக்கம். நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்ற ஹேஷ்டேக் உலகப் பட்டியலில் முன்னுக்கு வந்து நின்றபோது, யார் இந்த நேசமணி, உண்மையிலேயே என்ன ஆயிற்று என்று வெளிநாட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றைய பதிவுகளை அள்ளி, உணர்ச்சியை அளக்கும் மென்பொருள் ஒன்றிடம் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? ஒரு பிரபலம் சாகக் கிடக்கிறார், ஆயிரக்கணக்கானோர் கலங்கியிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கும். எழுத்துகளை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த முடிவில் குற்றமில்லை. எல்லாச் சொற்களும் துக்கச் சொற்கள். கண் சிமிட்டல் எங்கும் கிடையாது, சிரிப்புக் குறிகூட அதிகமில்லை. ஏனென்றால் சிரித்துவிட்டால் ஆட்டம் கலைந்துவிடும். இப்படி எழுதுவோம் என்று யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. முதல் பதிவைப் பார்த்ததுமே அடுத்தவருக்குத் தன் பங்கு என்னவென்று தெரிந்துவிட்டது. அந்த ஆண்டுகளில் வடிவேலு புதுப்படங்களில் அரிதாகவே தென்பட்டார், மீம்களில் மட்டும் தினமும் உயிரோடிருந்தார். அவரை மறக்கவில்லை என்று நேராகச் சொல்ல யாருக்கும் வாய் வராது. பொய்த் துக்கம் ஒன்றைக் கட்டிக்கொண்டு அதன் வழியாக அந்த அன்பைச் சொன்னார்கள். யாரும் புண்படாத, யாரையும் தாழ்த்தாத கிண்டல் அது. தமிழ் இணையத்தில் நடந்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தமான ஒன்று.

இயந்திரத்துக்குக் கிண்டலைச் சொல்லிக்கொடுக்கும் வேலை 2010 வாக்கில் சூடுபிடித்தது. ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமேசானில் பொருள் வாங்கியவர்கள் எழுதிய 66,000 மதிப்புரைகளில் கிண்டல் வாக்கியங்களைத் தேடினார்கள். 2013இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் எலன் ரிலோஃப் குழு ட்விட்டர் பதிவுகளுக்கு ஒரு சூத்திரம் கண்டது: யாரும் விரும்பாத ஒரு நிலைமையை ஒருவர் விரும்புவதாகச் சொன்னால் அது கிண்டல். ‘ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போறதுன்னா எனக்கு உயிர்’ என்பது போல. ‘நேசிக்கிறேன்’ என்பதற்கான ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை விதையாகப் போட்டுத் தொடங்கினார்கள். அதன் பக்கத்தில் வரும் கெட்ட நிலைமைகளை நிரல் தானே சேகரித்தது, அவற்றைக் கொண்டு மேலும் நல்ல சொற்களைப் பிடித்தது. அழகான யோசனைதான், பல இடங்களில் பலிக்கவும் செய்தது. ஆனால் ஞாயிறு வேலைக்கு இரட்டைச் சம்பளம் வாங்கும் செவிலியர் அதே வாக்கியத்தை மனதார எழுதலாம். நேசமணி விஷயத்தில் சூத்திரமே தலைகீழாகிவிடுகிறது. அங்கே மேலே இருப்பது கெட்ட செய்தி, அடியில் இருப்பது சந்தோஷம்.

இதைவிட ஆழமான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு வாக்கியம் கிண்டல்தான் என்று இயந்திரத்துக்கு யார் சொல்வது? இதற்கு மலிவான வழி ஒன்று கிடைத்தது. எழுதியவரே ‘இது கிண்டல்’ என்று ஹேஷ்டேக் போட்டிருந்தால் அதையே சான்றாக எடுத்துக்கொள்வது. ரெடிட்டில் வாக்கியத்தின் முடிவில் ஒரு சாய்கோடும் எஸ் என்ற எழுத்தும் போட்டுக் கிண்டலை அறிவிக்கும் வழக்கம் உண்டு. அதை வைத்துப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் 13 லட்சம் கிண்டல் கூற்றுகளைத் திரட்டி 2018இல் வெளியிட்டார்கள். இந்த வகை ஆராய்ச்சியில் பெரும்பகுதி இப்படிப்பட்ட அறிவிப்புகளின் மேல்தான் வளர்ந்தது.

யார் இப்படி அறிவித்துவிட்டுக் கிண்டல் செய்கிறார்கள்? 2015இல் டேவிட் பேமனும் நோவா ஸ்மித்தும் ட்விட்டரை ஆராய்ந்து இதற்கு விடை தேடினார்கள். பேசுபவரும் கேட்பவரும் பழகியவர்களாக இருக்கும்போது அந்த ஹேஷ்டேக் தேவைப்படுவதில்லை. தன்னைத் தெரியாதவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் இருக்கும்போதுதான் அது ஒட்டப்படுகிறது. இந்தக் கண்டுபிடிப்பு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இயந்திரம் கற்றதில் பெரும்பகுதி அந்நியர்களுக்கு முன்னால் செய்யப்பட்ட கிண்டல். பழகியவர்களுக்குள் ஓடும் கிண்டல்தான் மனிதக் கிண்டலில் பெரும்பகுதி. அது எந்தக் கொடியும் பிடிக்காமல் போவதால் தரவுக்குள் ‘கிண்டல் அல்ல’ என்ற கட்டுக்குள் போய் விழுந்திருக்கிறது. பாடத்திலேயே விடை மாறியிருக்கிறது. பிறகு எவ்வளவு பெரிய மாதிரியைக் கட்டினாலும் அந்தப் பிழை அடியில் கிடக்கும்.

வீட்டுக்குள்ளிருந்து ஓர் உதாரணம். காலை எட்டரை மணி. ‘மகாராணி எந்திரிச்சாச்சா?’ கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கும் மகளிடம் அம்மா கேட்டால் அதில் கொஞ்சல்தான் முக்கால் பங்கு. தூங்கட்டும் என்று அடுக்களைக் கதவை மெதுவாகச் சாத்தியவளும் அதே அம்மாதான். இதையே மாமியார் மருமகளைப் பார்த்துக் கேட்டால், அன்று முழுக்க மருமகளுக்குச் சோறு இறங்காது. ஊரிலிருந்து தங்க வந்த அக்காவிடம் தங்கை கேட்டால் பழைய ஞாபகம் ஒன்று கிளம்பி இருவரும் சிரிப்பார்கள். இரண்டே சொற்கள், ஓர் எழுத்துகூட மாறவில்லை. வேறுபாடு முழுவதும் யார் யாரிடம் சொன்னது, அதற்கு முன் அவர்களுக்குள் என்ன நடந்திருந்தது என்பதில் இருக்கிறது. வாக்கியத்தைத் தனியாக வெட்டியெடுத்துத் தரவுப் பட்டியலில் ஒரு வரிசையாக ஒட்டும் கணத்திலேயே நாம் தேடும் பொருள் கையை விட்டுப் போய்விடுகிறது.

டான் ஸ்பெர்பர், டெய்ர்ட்ரி வில்சன் இருவரும் 1981இல் இதை வேறொரு பக்கத்திலிருந்து விளக்கினார்கள். கிண்டல் செய்பவர் தன் கருத்தை மாற்றிச் சொல்வதில்லை. வேறொருவர் சொன்னதையோ, சொல்லக்கூடியதையோ எதிரொலித்துக் காட்டி, அதிலிருந்து தான் விலகி நிற்பதைத் தெரிவிக்கிறார். தமிழில் இந்த எதிரொலிக்கு ஓர் இடைச்சொல்லே இருக்கிறது. ‘பெரிய ஆளாம்’, ‘ரொம்ப பிஸியாம்’, ‘அவரு பாத்துக்குவாராம்’. அந்த ‘ஆம்’ வந்து ஒட்டியதும், இது என் கூற்று இல்லை, யாரோ சொல்லக் கேட்டது, எனக்கு நம்பிக்கை கிடையாது என்ற மூன்றும் சேர்ந்து வந்துவிடுகின்றன. அப்படியானால் ‘ஆம்’ வந்தால் கிண்டல் என்று இயந்திரத்துக்குச் சொல்லிவிடலாமா? முடியாது. ‘நாளைக்கு மழையாம்’ வெறும் செய்தி. ‘ஒரு ஊர்ல ஒரு ராஜாவாம்’ கதை. ‘தாத்தாவுக்கு உடம்பு சரியில்லையாம்’ கவலை. வழியைக் காட்டிவிட்டு இலக்கணம் அங்கேயே நின்றுகொள்கிறது. மீதி தூரத்தைக் கேட்பவர்தான் நடந்து போக வேண்டும்.

தமிழுக்கும் தரவு உண்டாகத் தொடங்கியிருக்கிறது. 2020இல் யூடியூபிலிருந்து எடுத்த 15,744 தமிழ் ஆங்கிலக் கலப்புக் கருத்துகள் உணர்வு வாரியாகக் குறியிடப்பட்டு வெளியாயின. 2023இல் தகவல் தேடல் ஆய்வாளர்கள் கூடும் ஃபயர் மாநாட்டில் தமிழ், மலையாளக் கருத்துகளில் கிண்டலைக் கண்டறியும் போட்டி நடந்தது. இந்த வேலையைச் செய்தவர்கள்மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. அவர்கள் கையில் கிடைக்கும் எழுத்து எப்படிப்பட்டதென்று பார்த்தாலே வேலையின் கடினம் தெரியும். பாதித் தமிழ் ரோமன் எழுத்தில் வருகிறது, ‘செம’ என்ற ஒரு சொல்லையே பத்துப்பேர் பத்து விதமாக எழுதுகிறார்கள், உயிரெழுத்தை விருப்பம்போல் நீட்டுகிறார்கள். அந்த நீட்டல்தான் குரலின் மிச்சம். தரவைச் சுத்தப்படுத்துகிறோம் என்று முதலில் கழித்துவிடும் விஷயமும் பல நேரம் அதுவே. எழுதியவர் யார், எந்தக் காணொளிக்குக் கீழே, யாருக்குப் பதிலாக எழுதினார் என்பது இல்லாமல், மூன்றாம் மனிதர் ஒருவர் வரியை மட்டும் படித்துக் குறியிடும் முறையில் மதுரைக்காரரின் நக்கலைச் சென்னைக்காரர் தவறவிடுவது இயல்பு. யாழ்ப்பாணத்தவர் எழுதியதை இருவருமே தவறவிடலாம்.

மனிதர்கள் மட்டும் நன்றாகப் படித்துவிடுகிறார்களா என்று கேட்கலாம். அதற்குக் கசப்பான விடை உண்டு. 2005இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் வெளியிட்ட சோதனையில், சில வாக்கியங்களை நிஜமாகவும் சிலவற்றைக் கிண்டலாகவும் மின்னஞ்சலில் எழுதச் சொன்னார்கள். படிப்பவர்கள் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார்கள் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். நடந்தது 56 சதவீதம். காசு சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். அதையே குரலில் சொன்னபோது 73 வந்தது. எழுதும்போது நம் தலைக்குள் நம் குரல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அது எழுத்தோடு சேர்ந்து போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

பால் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞருக்கு நேர்ந்தது இதன் கொடிய வடிவம். 2010 ஜனவரியில் பனியால் டான்காஸ்டர் அருகிலிருந்த ராபின் ஹுட் விமான நிலையம் மூடப்பட்டது. காதலியைப் பார்க்கப் போகவிருந்த சேம்பர்ஸ், ஒரு வாரம் சொச்சத்துக்குள் நிலைமையைச் சரிசெய்யாவிட்டால் விமான நிலையத்தையே தகர்த்துவிடப்போவதாக ட்விட்டரில் எழுதினார். எரிச்சலில் வந்த பேச்சு, தன்னைப் பின்தொடர்பவர்களுக்குச் சொன்னது. சில நாட்கள் கழித்து விமான நிலையத்தைச் சேர்ந்த ஒருவர் தற்செயலாகத் தேடும்போது அது கண்ணில் பட்டது. நம்பத்தக்க மிரட்டல் அல்ல என்றுதான் அங்கேயே மதிப்பிட்டார்கள், ஆனாலும் வழக்கு நடந்தது. மே மாதம் 385 பவுண்டு அபராதமும் 600 பவுண்டு செலவுத் தொகையும் விதித்தார்கள். வேலை போயிற்று. 2012 ஜூலையில்தான் லண்டன் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இதில் எந்த இயந்திரமும் இல்லை. சொன்னவரும் கேட்டவரும் இருந்த இடத்திலிருந்து வாக்கியம் பிரிந்து ஓர் அதிகாரியின் மேசைக்கு வந்தது, அவ்வளவுதான். அப்படிப் பிரித்தெடுப்பதையே நொடிக்கு ஆயிரக்கணக்கில் செய்கிற ஏற்பாட்டை இப்போது உலகம் முழுக்க நிறுவியிருக்கிறோம். 2014இல் அமெரிக்க ரகசியச் சேவை சமூக ஊடகங்களைக் கண்காணிக்க மென்பொருள் கேட்டு வெளியிட்ட அறிவிப்பில், கிண்டலைக் கண்டறியும் திறனும் வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. தேவை என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் திறனை எங்கே வாங்குவது என்பதுதான் கேள்வி.

இப்போதைய பெரிய மொழி மாதிரிகள் பழைய சூத்திரங்களைவிட வெகுதூரம் வந்துவிட்டன, அதை மறுப்பது நேர்மையாகாது. நேசமணி பற்றிக் கேட்டால் பெரும்பாலும் கதையை ஒழுங்காகச் சொல்லிவிடுகின்றன. ஆனால் எப்படித் தெரிந்தது? நடந்து முடிந்த பிறகு பத்திரிகைகள் அதை விளக்கி எழுதின. அந்த விளக்கத்தை மாதிரி படித்திருக்கிறது. முதல் நாள் காலையில் அந்த விளக்கம் உலகில் எங்கும் கிடையாது. படத்தை இருபது தடவை பார்த்தவர்களின் சிரிப்பில் மட்டும் இருந்தது. நாளைக்கு வேறொரு நேசமணி பிறக்கும்போது அதே காலை நேரம்தான் எல்லா மாதிரிகளுக்கும் சோதனை.

இவை கிண்டலைத் தவறவிடுவதற்கு, பேச இவற்றைப் பழக்கும் முறையும் ஒரு காரணம். இரண்டு பதில்களைக் காட்டி எது நல்லது என்று மனிதர்களிடம் கேட்டு, அவர்கள் தேர்ந்ததைப்போலப் பேச இவற்றைப் பழக்குகிறார்கள். பணிவான, சுமுகமான பதில் எளிதாக வாக்கு வாங்குகிறது. எதிரில் இருப்பவர் நல்லெண்ணத்தோடு பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் அதனால் ஊறிவிடுகிறது. என் உறவினர் ஒருவர், கோவைப் பக்கத்துக்காரர், பழுதான ஃபிரிட்ஜை மாற்றித் தரக் கேட்டு ஒரு நிறுவனத்தின் தானியங்கி உதவிப் பெட்டியில் இப்படி எழுதினார்: ‘ரொம்ப சந்தோஷமுங்க. மூணு வாரமா புதுப்புது புகார் நம்பரா குடுத்துட்டு இருக்கீங்க. ஃபிரிட்ஜ் மட்டுந்தான் வரல. நல்லா இருங்க.’ உடனே பதில் வந்தது: ‘உங்கள் பாராட்டுக்கு மிக்க நன்றி! எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரங்கள் தருவீர்கள்?’ அந்த ‘ங்க’ மரியாதைக்கும் வரும், மரியாதை முறியப்போகிறது என்ற கடைசி எச்சரிக்கையாகவும் வரும். அவர் ஊரில் சின்னப் பையனுக்குக்கூட அது புரியும். ஃபிரிட்ஜ் வராததைவிட இந்தப் பதில்தான் அவரை அதிகம் வருத்தியது. ‘எனக்குக் கோவம்னு தனியா எழுதிக் காட்டோணுமா?’ என்று கேட்டார். தன் பேச்சின் நுட்பத்தைக் கழற்றி வைத்துவிட்டு மொட்டையாகப் பேசினால்தான் செவிசாய்க்கப்படும் என்ற நிலை ஒருவரைச் சிறுமைப்படுத்துகிறது.

இந்தச் சிறுமையை எளிதாக விட்டுவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால் படை இல்லாதவர்களின் கையில் எப்போதும் இருந்துவந்த ஆயுதம் இந்த நுட்பம்தான். புறநானூற்றின் 95ஆம் பாட்டை நினைத்துக்கொள்கிறேன். அதியமானுக்காகத் தூது போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். இங்கே உள்ள ஆயுதங்கள் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. வாய்விட்டு ஒரு பழிச்சொல் கிடையாது. உணர்வை அளக்கும் மென்பொருள் இதைத் தொண்டைமானுக்குப் பாராட்டு என்றும் அதியமானுக்குக் குறை என்றும் பதிந்துகொள்ளும். பகையரசன் கோட்டைக்குள், காவலர்கள் நடுவில், தனியாக நிற்கும் ஒரு பெண் வேறு எப்படிப் பேசியிருக்க முடியும்? நேராகச் சொல்லியிருந்தால் தூது அங்கேயே முடிந்திருக்கும். கேட்ட அரசனுக்குப் புரிந்தாக வேண்டும், ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு சொல்லும் அகப்படக் கூடாது. கிண்டலின் அமைப்பே அதற்காகச் செய்யப்பட்டது.

இன்றைக்கு அந்தக் கொட்டில் சமூக ஊடகம். சாதிப் பெருமை பேசுகிற பதிவு ஒன்று ‘நாங்கள் ஆண்ட பரம்பரை’ என்கிறது. மரியாதையான சொற்கள், வாள் படம், சிங்கம் படம். தணிக்கை நிரல் அதில் எதையும் காண்பதில்லை. அந்தப் பெருமையால் மிதிபட்டு வளர்ந்த ஓர் இளைஞன் அதை எடுத்துப் போட்டு, கீழே தன் தெருவுக்குக் கிடைத்த வசைச்சொற்களையும் வரிசையாக எழுதி, ‘ஆண்ட பரம்பரையாம்!’ என்று முடிக்கிறான். வசைச்சொற்கள் இருப்பதால் அந்தப் பதிவுதான் முதலில் மாட்டிக்கொள்கிறது. வசையை வீசுவதும், தன்மேல் விழுந்த வசையை எடுத்துக் காட்டுவதும் சொற்பட்டியலில் ஒன்றே. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஓர் ‘ஆம்’. கணக்கு முடக்கப்பட்டதும் அவனிடம் மிஞ்சுவது தன் பேச்சு விதிகளை மீறியது என்ற பொதுவான அறிவிப்பு. மேலே இருப்பவருக்குக் கிண்டல் ஒரு பொழுதுபோக்கு, புரியாவிட்டாலும் நட்டமில்லை. அவனுக்கு அது வாய். தவறு இரு பக்கமும் சமமாக விழுவதில்லை என்பதால்தான் இதை வெறும் தொழில்நுட்பக் குறைபாடு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தயக்கம் என்ற ஒன்றை இந்த இயந்திரங்களுக்குக் கொடுக்கலாம். இந்த வாக்கியத்தை என்னால் தீர்மானிக்க முடியவில்லை, உரையாடலை முழுதாகப் பார்த்த, அந்த வட்டாரம் தெரிந்த ஒரு தமிழரிடம் அனுப்புங்கள் என்று ஒரு நிரல் சொல்வது நடக்கக்கூடிய காரியம்தான். 2014இலேயே பைரன் வாலஸ் குழு ரெடிட் கருத்துகளை வைத்து இதற்கான நியாயத்தைக் காட்டிவிட்டது. கிண்டலான கருத்துகளைப் படிக்கும்போது மனிதர்கள் முன்பின் உரையாடலை அடிக்கடி கேட்டு வாங்கினார்கள், அப்படிக் கேட்ட இடங்களில்தான் இயந்திரமும் சறுக்கியது. ஆனால் ஆள் வைத்தால் செலவு. தமிழுக்கு ஆள் வைப்பது கடைசி முன்னுரிமையாகவே இருந்துவருகிறது.

தரவிலும் வேறு வழி உண்டு. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் சில்வியு ஓப்ரியா, வாலித் மக்தி இருவரும் 2020இல் செய்தது போல, மூன்றாம் மனிதரை விட்டுவிட்டு எழுதியவரிடமே கேட்பது: இதைக் கிண்டலாக எழுதினீர்களா, ஏன் அது கிண்டல், நேராகச் சொல்வதானால் எப்படிச் சொல்வீர்கள்? 2022இல் இதே முறையில் ஆங்கிலத்துக்கும் அரபிக்கும் ஒரு போட்டியே நடந்தது. தமிழுக்கும் இதைச் செய்யலாம், புதிதாக ஆட்களைத் திரட்டக்கூட வேண்டியதில்லை. பதிவு நீக்கப்பட்டவர் முறையிடும் பெட்டி ஏற்கெனவே இருக்கிறது. அதை விரித்து, யாருக்குப் பதிலாக எழுதினேன், என்ன அர்த்தத்தில் எழுதினேன் என்று அவர் தன் தமிழிலேயே நாலு வரி எழுத விடலாம். அந்த நாலு வரியைத் தமிழ் தெரிந்த ஒருவர் படித்துத் தீர்ப்புச் சொல்லட்டும். எழுதியவர் சம்மதித்தால் அந்த விளக்கம் அப்படியே பதிவோடு சேர்த்துச் சேமிக்கப்படட்டும். ‘ஆண்ட பரம்பரையாம்’ என்று எழுதியவன் தன் வாயால் சொல்லும் பொருள் எந்தத் தமிழ்த் தரவுத்தொகுப்பிலாவது ஏறுவதற்கு இப்போதைக்கு எனக்குத் தெரிகிற வழி இது.